மறுக்கப்பட்ட விண்ணப்பமும் திறந்து கிடந்த கம்பைலரும்

(கல்லூரி மாணவர்களின் வாசிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நிராகரிப்பைத் தாண்டி ஜெயித்த கதையைச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு ஊக்கமாக இருக்கும்" என்று சொல்லித்தான் என்னை இங்கே அழைத்தார்கள். ஊக்கப் பேச்சு எனக்கு வராது. அந்த வகைப் பேச்சின் மேல் கொஞ்சம் சந்தேகமும் உண்டு. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். ஜெயித்தேன் என்று சொல்லிக்கொள்ளவும் பெரிதாக ஒன்றுமில்லை. உலகம் முழுக்கப் பயன்படுத்தப்படும் ஒரு கம்பைலரில் சில நூறு வரிகள் நான் எழுதியவை. அவ்வளவுதான். ஒரு வாசல் ஏன் மூடியது, இன்னொரு வாசல் வழியாக அந்தச் சில நூறு வரிகள் எப்படி உள்ளே போயின என்பதை மட்டும் பேசுகிறேன்.

கணினி படிக்காத தோழர்களும் இருப்பதால் முதலில் கம்பைலர் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பாடநூலில் தொகுப்பி என்று படித்திருப்பீர்கள். மனிதர்கள் எழுதும் நிரலை எந்திரத்துக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தரும் மென்பொருள் அது. 1952-இல் கிரேஸ் ஹாப்பர் எழுதிய ஏ-0 என்பதிலிருந்து இந்தக் கதையைத் தொடங்குவார்கள். 1957-இல் ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழு ஃபோர்ட்ரான் மொழிக்கு எழுதிய கம்பைலர் வந்தபோது, எந்திரம் எழுதும் நிரல் மனிதன் கையால் எழுதுவதைப் போல வேகமாக ஓடுமா என்ற கேள்விக்கு விடை கிடைத்தது. 1987-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் ஜிசிசி என்ற கம்பைலரை மூல நிரலோடு வெளியிட்டார். நான் வேலை செய்வது அதற்குப் பிந்தைய எல்எல்விஎம். 2000-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் லாட்னர் என்ற மாணவரும் அவருடைய நெறியாளர் விக்ரம் ஆட்வேயும் தொடங்கியது. சி, சி++ மொழிகளுக்கான கிளாங், ரஸ்ட், ஸ்விஃப்ட், ஜூலியா எல்லாம் இதன் மேல்தான் நிற்கின்றன. உங்கள் சட்டைப் பையில் இருக்கும் கைபேசியில் ஓடும் நிரல்களில் பெரும் பங்கு இதன் வழியாகத்தான் வந்திருக்கும்.

இடையில் ஒரு சின்ன சந்தோஷம். கிளாங்கில் ஒரு மாறிக்கு "கூலி" என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம். எந்தக் கூடுதல் வேலையும் தேவையில்லை, அப்படியே ஏற்றுக்கொள்ளும். வகுப்பில் இதைக் காட்டினால் மாணவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்துப் பார்ப்பார்கள்.

சரி, மறுப்புக்கு வருகிறேன். திறந்த மூல மென்பொருளில் மாணவர்களை ஈடுபடுத்தும் திட்டங்கள் பல உண்டு. கூகுள் 2005-இல் தொடங்கிய கோடைக்காலத் திட்டம் எல்லோருக்கும் தெரிந்தது. வழிமுறை ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒன்றுதான். மாணவர் ஒரு வேலைத் திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். தேர்வானால் ஒரு வழிகாட்டி கிடைப்பார், சில மாதங்களுக்கு உதவித்தொகையும் வரும். நான் எதற்கு விண்ணப்பித்தேன் என்பது இங்கே முக்கியமில்லை, பெயர் சொல்லப் போவதுமில்லை. முனைவர் பட்டத்தின் தொடக்கத்தில், 2021-இல் விண்ணப்பித்தேன். இரண்டு மாதம் மூல நிரலைப் படித்து, பன்னிரண்டு பக்கத்துக்குத் திட்டம் எழுதியிருந்தேன். மே மாதம் பதில் வந்தது. விண்ணப்பங்களின் தரம் மிக உயர்வாக இருந்தது, வருந்துகிறோம், அடுத்த ஆண்டு முயலுங்கள் என்று மூன்று வரி. கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நேரம். விடுதியை மூடிவிட்டார்கள், ஊரில் இருந்தேன்.

அந்த மூன்று வரியில் காரணம் இல்லை. காரணம் எனக்கு மெல்ல மெல்ல, மற்றவர்களிடம் பேசிப் பேசித்தான் தெரிந்தது. இத்தகைய திட்டங்களில் ஒவ்வொரு குழுவுக்கும் இத்தனை இடம் என்று ஒரு அளவு உண்டு. வழிகாட்டிகள் தங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த மாணவரை எடுக்க விரும்புகிறார்கள். அதில் சதி எதுவும் இல்லை. மூன்று மாதம் தன் நேரத்தைக் கொடுக்கப் போகிறவர் முன்பின் தெரியாத ஆளைவிட, ஏற்கெனவே நான்கு சிறிய திருத்தம் அனுப்பிய ஆளைத்தான் நம்புவார். ஆகவே விண்ணப்பம் திறப்பதற்கு மாதங்கள் முன்பே போய்ப் பழக வேண்டும், சின்னச் சின்ன வேலை செய்து காட்ட வேண்டும், வரைவை முன்கூட்டியே அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும். தேர்வு நடப்பது விண்ணப்பம் போடும் நாளுக்கு முன்னால். பெயர் பெற்ற கல்லூரிகளில் இது மூத்த மாணவர் இளைய மாணவருக்கு விடுதி அறையில் சொல்லிக் கொடுக்கும் பாடம். யாரும் ஒளித்து வைக்கவில்லை. ஆனால் யார் காதுக்கு வந்து சேர்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. என் ஊரில் பொறியியல் படித்த முதல் ஆளே நான்தான். எனக்கு மூத்த மாணவர் என்று யார்?

அந்தக் கடிதம் வந்த இரவு நான் யோசித்தது எளிமையான ஒன்றைத்தான். மறுத்தது திட்டம். உதவித்தொகை இல்லை, சான்றிதழ் இல்லை, வழிகாட்டி இல்லை. ஆனால் கம்பைலர்களின் மூல நிரல் அப்படியே திறந்துதான் கிடக்கிறது. அதைப் படிக்கவோ திருத்தவோ எவர் கடிதமும் தேவையில்லை.

தேவைப்பட்டது இணைய டேட்டா. எல்எல்விஎம் மூல நிரலை வரலாற்றோடு இறக்கினால் ஒரு ஜிபிக்கு மேல். என்னிடம் இருந்தது நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி தரும் கைபேசித் திட்டம். கிட் கருவியில் இறக்கம் பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது, முதலிலிருந்துதான். வரலாறு வேண்டாம், கடைசி நிலை மட்டும் போதும் என்று கேட்க ஒரு வழி உண்டு. அப்படித்தான் இறக்கினேன். அடுத்தது நினைவகம். பிழைதிருத்தத் தகவல்களோடு முழுதாகக் கட்டினால், இறுதியில் துண்டுகளை இணைக்கும் கட்டத்தில் எட்டு ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினி மூச்சுத் திணறி நின்றுவிடும். வெளியீட்டு வகையில் கட்ட வேண்டும், உள்சோதனைகளை மட்டும் விட்டுவைக்க வேண்டும். எல்லா எந்திர வகைகளுக்கும் கட்டாமல் நம்முடைய எக்ஸ்86-க்கு மட்டும் கட்ட வேண்டும். இணைப்பு வேலையை ஒரு நேரத்தில் ஒன்று என்று கட்டுப்படுத்த வேண்டும். அப்படியும் முதல் முறை ராத்திரி முழுக்க ஓடியது. இதையெல்லாம் ஏன் விலாவாரியாகச் சொல்கிறேன் என்றால், "ஒரு மடிக்கணினியும் ஆர்வமும் போதும்" என்று மேடைகளில் சொல்கிறார்களே, எந்த மடிக்கணினி என்று அவர்கள் சொல்வதில்லை.

முதலில் நான் நிரல் எதுவும் எழுதவில்லை. கம்பைலரே நொறுங்கி விழுகிறது என்று உலகெங்கிலும் இருந்து புகார்கள் வரும். ஒருவர் மூவாயிரம் வரி நிரலை அப்படியே போட்டு "இதைக் கொடுத்தால் விழுகிறது" என்று எழுதியிருப்பார். அந்த மூவாயிரம் வரியில் எந்த வரியால் விழுகிறது என்று யாருக்கும் தெரியாது, தேட யாருக்கும் நேரமும் இருக்காது. அதைச் சுருக்கிச் சுருக்கிப் பத்து வரிக்குக் கொண்டுவந்தால், சரிசெய்யத் தெரிந்தவர் உடனே சரிசெய்துவிடுவார். இதற்கென்றே கருவிகள் உண்டு. யூட்டா பல்கலைக்கழகத்தில் உருவான சி-ரெட்யூஸ் ஒன்று. எல்எல்விஎம்-உடனேயே வரும் எல்எல்விஎம்-ரெட்யூஸ் இன்னொன்று. ஒரு துண்டை நீக்குவது, இன்னும் விழுகிறதா என்று பார்ப்பது, விழுந்தால் அடுத்த துண்டு. இரவு ஓட விட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் ஒன்பது வரி மிஞ்சியிருக்கும். நெல் புடைப்பது மாதிரியான வேலை. அதைச் செய்ய யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. கம்பைலரின் எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிய வந்ததும் இந்த வேலையால்தான். என்னைக் கேட்டால், தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. "முதல் வேலைக்கு ஏற்றது" என்று குறியிட்டு வைத்திருக்கும் சிக்கல்களுக்குப் பத்துப் பேர் வரிசையில் நிற்பார்கள். சுருக்கித் தர ஆள் இருக்காது.

இப்படி ஆறேழு மாதம் போன பிறகுதான் முதல் நிரல் திருத்தம். எல்எல்விஎம்-இல் இன்ஸ்ட்கம்பைன் என்று ஒரு பகுதி. சுற்றி வளைத்து எழுதப்பட்ட கணக்கைக் குறுக்குவது அதன் வேலை. ஓர் உதாரணம். எக்ஸ், ஒய் என்று இரண்டு எண்கள். இரண்டையும் இரும எண்களாக எழுதி, இரண்டிலும் ஒன்று இருக்கும் இடங்களை மட்டும் எடுத்தால் ஓர் எண். ஏதாவது ஒன்றிலாவது ஒன்று இருக்கும் இடங்களை எடுத்தால் இன்னோர் எண். இந்த இரண்டையும் கூட்டினால் வருவது எக்ஸ் கூட்டல் ஒய்தான். பன்னிரண்டையும் பத்தையும் வைத்துப் பாருங்கள். முதலாவது 8, இரண்டாவது 14, கூட்டினால் 22. மூன்று கட்டளைகள் செய்த வேலையை ஒரே கூட்டல் செய்துவிடும். இது கம்பைலருக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாத சுருக்கங்கள் இன்னும் எத்தனையோ உண்டு. நான் சேர்த்தது ஒப்பீட்டுக் கட்டளைகள் தொடர்பான ஒன்று. நிரல் இருபது வரி, அதற்கான சோதனைகள் எண்பது வரி.

ஏன் இத்தனை சோதனை? கணக்குப் பாடத்தில் சரியாக இருப்பது எந்திரத்தில் சரியாக இருக்காது. இரண்டால் பெருக்கி இரண்டால் வகுத்தால் அதே எண் வரும் என்று பள்ளிப் பிள்ளை சொல்லும். எட்டு பிட் இடத்தில் 255 வரைதான் கொள்ளும். 200-ஐ இரண்டால் பெருக்கினால் 400. வழிந்துபோய் 144 நிற்கும். இரண்டால் வகுத்தால் 72. கம்பைலர் அங்கே "அதே எண்தான்" என்று குறுக்கினால் நிரலின் பொருளே மாறிவிடும். வழியாது என்ற உறுதி இருந்தால் மட்டும் குறுக்கலாம். அந்த உறுதி எங்கே கிடைக்கும், எங்கே கிடைக்காது என்பதில்தான் இந்தத் துறையின் பாதி உழைப்பும் போகிறது.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது. அலைவ்2 என்று ஒரு கருவி. முன்னால் இப்படி, பின்னால் இப்படி என்று இரண்டு வடிவங்களையும் அதனிடம் கொடுத்தால், எல்லா உள்ளீட்டுக்கும் மாற்றம் சரியா என்று தர்க்க முறையில் சோதித்துச் சொல்லும். தவறு என்றால் எந்த எண்ணுக்குத் தவறு என்று அந்த எண்ணையே எடுத்துக் காட்டும். இன்ஸ்ட்கம்பைனில் ஒரு சுருக்கம் சேர்க்க விரும்பினால் இந்தச் சான்றை இணைக்க வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். என் திருத்தத்தைப் பார்த்தவர் கேட்ட கேள்விகளும் எல்லோரிடமும் கேட்கப்படுபவைதான். இடவலம் மாற்றிப் போட்டால் வேலை செய்கிறதா? வேலை செய்யக் கூடாத இடத்தில் செய்யாமல் இருக்கிறது என்பதற்குச் சோதனை எங்கே? இடையில் வரும் மதிப்பை வேறு எவராவது பயன்படுத்தினால், அதை நீக்க முடியாதே, அப்போது கட்டளைகள் குறைகின்றனவா கூடுகின்றனவா? நீ எந்தக் கல்லூரி என்ற கேள்வி வரவில்லை. வர அங்கே தேவையில்லை. சான்று முன்னால் இருக்கிறது.

இன்னொன்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் திருத்தத்தை ஒரு வாரம் யாரும் பார்க்கவில்லை என்றால் "பிங்" என்று ஒரு சொல் போட்டு நினைவூட்டுங்கள், அது முறையானதுதான் என்று. இது பலருக்கு அற்பமாகத் தெரியும். எங்கள் வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியாது. ஒரு அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு வந்தால் மறுபடி போய்க் கேட்பது எங்கள் அப்பாவுக்கு உயிர் போகிற காரியம். கேட்டால் கோபப்படுவார்களோ, கேட்டதாலேயே இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயம் எனக்குள்ளும் இருக்கிறது. என் முதல் திருத்தம் பதினொரு நாள் பதிலில்லாமல் கிடந்தது. விதியில் எழுதியிருந்ததால்தான் அந்த ஒரு சொல்லை என்னால் தட்டச்சு செய்ய முடிந்தது. மறுநாள் பதில் வந்தது. விண்ணப்பத் திட்டத்துக்கும் இதற்கும் நான் கண்ட வேறுபாடு இதுதான். அங்கே விதிகள் வாய்மொழியாக உலவின. இங்கே முக்கால்வாசி எழுத்தில் இருந்தன.

திருத்தம் சேர்ந்தபோது அதில் பெயர் பதிவானது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விடச் சொல்லித் தீர்மானம் போட்டவர்களின் வழியில் வந்தவர்கள் நாம். முதலெழுத்தோடு நின்றுவிடுவோம். கணக்குத் தொடங்கும் படிவமோ இரண்டாவது பெயர் கேட்கும். அப்பா பெயரைப் போட்டேன். அதனால் திருத்தத்தைப் பார்த்த ஐரோப்பியர் ஒருவர் என்னைவிட அப்பாவைத்தான் அதிகம் அழைத்தார். கையெழுத்துப் போட மட்டும் தெரிந்த மனிதரின் பெயர் அந்தக் கம்பைலரின் வரலாற்றுப் பதிவில் இருக்கிறது. அவரிடம் காட்டினேன். "இதுக்குச் சம்பளம் உண்டாப்பா?" என்று கேட்டார்.

அது சரியான கேள்வி. சம்பளம் இல்லை. எனக்குச் சம்பளம் இல்லை என்று சொல்ல வேண்டும். எல்எல்விஎம்-இல் தொடர்ந்து எழுதுகிறவர்களில் மிகப் பலர் ஆப்பிள், கூகுள், இன்டெல், ஆர்ம் போன்ற நிறுவனங்களில் அதற்காகவே சம்பளம் வாங்குகிறவர்கள். ஓய்வு நேரத்தில் வந்து எழுதுகிறவரும் அவரும் ஒரே வரிசையில் நிற்பதாகச் சொல்வது பாதி உண்மை.

இப்போது முதலில் சொன்ன சந்தேகத்துக்கு வருகிறேன். என் திருத்தங்கள் சேர்ந்த பிறகு, கூடப் படித்த நண்பர் ஒருவர் உண்மையான மகிழ்ச்சியோடு சொன்னார்: "பாத்தியா, அங்க கோட்டா கிடையாது, ஒண்ணும் கிடையாது, திறமைக்குத்தான் மரியாதை. நீயே போயிட்டே." என் கதையை ஊக்கக் கதையாகச் சொன்னால் அது போய் முடியும் இடம் இதுதான் தோழர்களே. அதனால்தான் அந்த மாதிரிப் பேச எனக்கு விருப்பமில்லை.

அந்தச் சில நூறு வரிகளுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அரசுப் பள்ளி. அறுபத்தொன்பது சதவீத இட ஒதுக்கீட்டில் கிடைத்த பொறியியல் இடம். முதல் பட்டதாரி என்பதால் தள்ளுபடியான கல்விக் கட்டணம். 2011-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டத்தில், பன்னிரண்டாம் வகுப்பில் கைக்கு வந்த விலையில்லா மடிக்கணினி. அதில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. முனையத்தில் கட்டளை அடிக்க நான் கற்றது அதில்தான். பிறகு ஆய்வு உதவித்தொகை. அது தாமதமாக வந்த மாதங்களில் நான் ஒரு வரிகூட எழுதவில்லை. டியூஷன் எடுத்தேன். கம்பைலரின் வாசலில் கோட்டா இல்லைதான். அந்த வாசல் வரை என்னை நடத்திக் கொண்டுவந்தது என்ன?

வாசலுக்குள்ளும் எல்லாம் சமம் என்று நம்ப வேண்டாம். கிட்ஹப்பில் அனுப்பப்படும் திருத்தங்களைப் பற்றி 2017-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மொத்தத்தில் பெண்கள் அனுப்பியவை ஆண்கள் அனுப்பியவற்றைவிட அதிக விகிதத்தில் ஏற்கப்பட்டிருந்தன. ஆனால் அந்தத் திட்டத்துக்குப் புதியவராகவும், பெண் என்று அடையாளம் தெரியும்படியும் இருந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், ஏற்கப்படும் விகிதம் ஆண்களைவிடக் குறைந்தது. பக்கத்தில் இருந்த பெயரும் படமும் வேலை செய்திருக்கலாம். சான்று கேட்கும் பழக்கம் இதைக் குறைக்கும் என்று நான் நினைக்கிறேன். இல்லாமலாக்கும் என்று நினைக்கவில்லை.

திறந்தது என்று எழுதி வைப்பதற்கும் திறந்திருப்பதற்கும் உள்ள தூரம் நமக்குப் புதிதில்லை. பொதுக் குளங்கள் எல்லோருக்கும் உரியவை என்று பம்பாய் சட்டமன்றம் 1923-இல் தீர்மானம் போட்டது. மகாத் நகராட்சியும் அடுத்த ஆண்டு அதை ஏற்றது. ஆனாலும் சவதார் குளத்துத் தண்ணீரைத் தொட 1927 மார்ச்சில் அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் நடக்க வேண்டியிருந்தது. நடந்தவர்கள் வாங்கிய அடியோடு ஒரு கம்பைலரை ஒப்பிடுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். தீர்மானத்தை நம்பி அவர்கள் ஒவ்வொருவராகப் போகவில்லை, சேர்ந்து போனார்கள் என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறேன்.

ஆகவே நாங்கள் நான்கு பேர் ஆய்வுக்கூடத்தில் சனிக்கிழமைதோறும் உட்காருகிறோம். என் நெறியாளர் முதலில் "இதில் கட்டுரை வராதே" என்றார். இப்போது சாவியை எங்களிடமே விட்டுவிட்டுப் போகிறார். கிராமத்துக் கல்லூரியிலிருந்து வரும் இரண்டு தங்கைகள் போன மாதம் ஒரு புகாரைப் பதினான்கு வரிக்குச் சுருக்கிக் கொடுத்தார்கள்; இரண்டே நாளில் அது சரிசெய்யப்பட்டது. மாணவர் திட்டங்களுக்கும் விண்ணப்பிக்கிறோம். மறுக்கப்பட்டதால் விண்ணப்பிக்கக் கூடாது என்று நான் சொல்லவே மாட்டேன். அந்தப் பணம் நம் பிள்ளைகளுக்குத் தேவை. எவரை எப்போது அணுக வேண்டும், வரைவை எத்தனை வாரம் முன்னால் அனுப்ப வேண்டும் என்று எங்களுக்குத் தெரிந்த அளவில் தமிழில் எழுதி வைத்திருக்கிறோம். நான்கு பக்கம்தான். கேட்டால் தருவோம்.

வருகிற சனிக்கிழமை வர விரும்புகிறவர்கள் இங்கேயே பெயர் கொடுத்துவிடுங்கள். மடிக்கணினி இருந்தால் கொண்டு வாருங்கள், எட்டு ஜிபி நினைவகம் போதும். இல்லையென்றாலும் வாருங்கள், கூடத்தில் இரண்டு கணினிகள் இருக்கின்றன. மூல நிரலை வரலாற்றோடு பென் டிரைவில் ஏற்றி வைத்திருக்கிறேன், யாரும் டேட்டா செலவழிக்க வேண்டாம். பேருந்து நிறுத்தத்திலிருந்து கொஞ்ச தூரம் நடக்க வேண்டும், வழி தெரியாதவர்கள் அழையுங்கள். கேள்விகள் இருந்தால் இப்போது பேசலாம்.